சுவருக்குப் போட்ட பனியன்

சின்ன அறையில் பிளக் பாயிண்டின் மூடியைக் கழற்றிவிட்டு பியோன் ஹேசுக் உள்ளே உற்றுப் பார்த்தாள். திருப்புளி கையிலேயே இருந்தது. அடுக்களையில் அவள் கணவன் பியோங்கு குழாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். கூடத்தில் மகள் சோதம் தரையில் உட்கார்ந்து, வாசலில் கொடுத்த மஞ்சள் ஸ்டிக்கர்களில் மிச்சம் எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தாள். பதினேழாவது மாடி. வீட்டு எண் 17-02. வாழ்க்கையில் முதல் முதலாக வாங்கிய வீடு. அதற்குள் அவர்கள் காலை வைத்து இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது.

ஹேசுக் பிளாஸ்டிக் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் தெரிந்த தாள் விளிம்பை நகத்தால் நெருடினாள். மேலே பளபளப்பான சுவர்த்தாள். அதற்கு அடியில் ஒரு வெள்ளைத் துணித்தாள். அது இருக்க வேண்டியதுதான். அதற்கும் அடியில் இன்னொரு வெள்ளைத் துணித்தாள் இருந்தது.

அது இருக்கக் கூடாது.

இரண்டாவது அடித்தாள் எதற்கு என்று தென்கொரியாவின் வோன்ஜு நகரில் தெரிந்தவர்கள் அதிகம் பேர் இல்லை. ஹேசுக்குக்குத் தெரியும். பதினாறு வருடமாக அவள் அடுக்குமாடிக் கட்டடங்களில் சுவர்த்தாள் ஒட்டுகிறாள். கட்டடம் முடியும் தறுவாயில், ஓடு பதிப்பவர்களும் மின்சாரக்காரர்களும் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டிருக்கும்போது, பசை வாளியோடு உள்ளே போகிறவள். ஒரு நாளைக்கு ஒரு வீடு. அவசரமென்றால் ஒன்றரை. எத்தனை வீடு ஒட்டியிருப்பாய் என்று கேட்டால், ஆயிரம் வரை எண்ணினேன், அப்புறம் முட்டிவலி வந்ததால் எண்ணிக்கையை விட்டுவிட்டேன் என்பாள். ஆயிரம் பேர் குடியேறுவதற்கு முன் அவர்கள் வீட்டில் மதியச் சோறு சாப்பிட்டவள், நாற்பத்தேழு வயது வரை குடியிருந்தது பாதி மண்ணுக்கடியில் இருந்த வாடகை வீட்டில்தான். அங்கே சன்னலைத் திறந்தால் தெருவில் போகிறவர்களின் காலணி தெரியும்.

வீட்டுக்கான குலுக்கலில் பதினொரு வருடம் பெயர் போட்டாள். மூன்று வருடத்துக்கு முன்னால், முதல் வீடு வாங்குகிறவர்களுக்கென்று ஒதுக்கிய பங்கில் விழுந்தது. அப்போது அந்த இடத்தில் இருந்தது ஒரு பள்ளமும் நான்கு கிரேன்களும். படத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். இங்கே எல்லோரும் அப்படித்தான் வாங்குகிறார்கள். வீட்டைக் கண்ணால் பார்ப்பது முன்சோதனை நாளில்தான். குடியேறுவதற்கு ஒன்றரை மாதத்துக்கு முன்னால் மூன்று நாள் கதவைத் திறந்துவிடுவார்கள். குறை தெரிந்த இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டு, கைபேசியில் படம் எடுத்து அனுப்பு, நாங்கள் சரிசெய்து தருகிறோம் என்பது ஏற்பாடு.

அதற்குத்தான் நம்குங்கைக் கூட்டி வந்திருந்தாள். நம்குங் காசு வாங்கிக்கொண்டு வீடு சோதிப்பவர். முப்பத்திரண்டு வயது, கறுப்புப் பெட்டி, பெட்டிக்குள் வெப்பக் கேமரா, ஈரமானி, லேசர் மட்டம். ஆனால் இந்தக் கட்டட நிறுவனம் அப்படிப்பட்டவர்களை உள்ளே விடுவதில்லை. வாங்கியவரும் குடும்பத்தாரும் மட்டும் என்று வாசலில் பலகை வைத்திருந்தது. ஆகவே அன்று காலை வாசலில் நம்குங் ஹேசுக்கின் தங்கை கணவராக ஆனார். ஹேசுக்குக்குத் தங்கையே கிடையாது.

வாசலில் பெயர் எழுதிய பெண் நம்குங்கை மேலும் கீழும் பார்த்தாள்.

“காலையிலேருந்து உள்ள போற நாப்பத்திமூணாவது மாப்பிள்ளை இவரு. அது எப்படிங்க எல்லா மாப்பிள்ளை கையிலயும் ஒரே கறுப்புப் பெட்டி? பொண்ணு வீட்டுல சீரா குடுத்தாங்களா?”

“எங்க குடும்பத்துல அப்படித்தான்” என்றாள் ஹேசுக். “உள்ள வாங்க மாப்ளே. பாத்து, பெட்டி இடிக்குது.”

அந்தப் பெண் சிரித்துவிட்டு, காலணிக்கு மேல் போட நான்கு ஜோடி பிளாஸ்டிக் உறை கொடுத்தாள்.

நம்குங் வேலையில் குறை சொல்ல முடியாது. குண்டு பொருத்திய நீளக் கோலால் குளியலறை ஓடுகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். ஆறு ஓடு உள்ளே வெற்றாக இருந்தது. பால்கனிக் கதவு மூன்று மில்லிமீட்டர் சாய்வு. அலமாரிக் கதவில் கீறல். கழிவுநீர்க் குழாய்க்குள் யாரோ போட்டிருந்த காபிக் குவளை. மொத்தம் எழுபத்திரண்டு ஸ்டிக்கர். சோதம் ஒட்டினாள், பியோங்கு படம் எடுத்தான். இந்த அளவு வீட்டில் சராசரி தொண்ணூறு வரும் அக்கா, உங்களுக்கு நல்ல வீடுதான் விழுந்திருக்கிறது என்று நம்குங் சொன்னபோது பியோங்கு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நகரப் பேருந்து ஓட்டுகிறவன். கண் கலங்கினால் தெருவைப் பார்ப்பது அவன் பழக்கம்.

சுவர்களைக் கேமராவில் பார்த்தபோது மட்டும் நம்குங் ஒரு வார்த்தை சொன்னார். இன்றைக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே சூடு, கணப்பும் இன்னும் ஓடவில்லை, மூன்று வாரமாக மழையும் இல்லை, அதனால் இந்தக் கேமரா காட்டாத ஈரம் இருந்தால் அது தன் குற்றமில்லை. ஈரமானியின் ஊசியைக் குத்திப் பார்க்கலாம், ஆனால் வீடு கைமாறும் வரை சுவரில் ஓட்டை போட அனுமதியில்லை.

ஹேசுக் எதையும் தேடிக்கொண்டு சின்ன அறைக்குள் போகவில்லை. சோதமின் கட்டில் எந்தப் பக்கம் வரும் என்று பார்க்கப் போனாள். வெளிச்சுவர் ஓரம் என்று முடிவு செய்து, பழக்கதோஷத்தில் சுவரை உள்ளங்கையால் ஒரு தடவு தடவினாள்.

இந்த ஊரில் சுவர்த்தாள் சுவரோடு ஒட்டியிருக்காது. விளிம்பில் மட்டும் கெட்டிப் பசை, நடுவில் தாள் தோல்முரசு போல விறைத்து நிற்கும். தட்டினால் ஒரு சத்தம் வரும். ஆயிரம் வீட்டில் கேட்ட சத்தம். இந்தச் சுவரில் அது மந்தமாக வந்தது, கம்பளி போர்த்திய முரசு மாதிரி. அதனால்தான் அவள் திருப்புளியைத் தேடினாள்.

சுவர் ஈரமாக இருந்தால் தாள் ஒட்டக் கூடாது. அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சுவர் காயும் வரை காத்திருக்க நாள் இல்லை, ஒப்படைக்கும் தேதி ஏற்கெனவே விளம்பரத்தில் வந்துவிட்டது என்னும்போது, மேற்பார்வையாளர் கிடங்கிலிருந்து இன்னொரு கட்டு அடித்தாள் எடுத்துக்கொள்ளச் சொல்வார். இரண்டு அடுக்கு போட்டால் கறை மேலே தெரிய ஒரு வருடம், சில சமயம் இரண்டு வருடம் ஆகும். அதற்குள் வீட்டுக்காரர் குடியேறியிருப்பார். தாள் ஒட்டுகிறவர்கள் அதைச் சுவருக்குப் பனியன் போடுவது என்பார்கள். வேர்வை சட்டையில் தெரியாது.

“சோதம் அப்பா” என்று கூப்பிட்டாள். “இங்க வாங்க. மாப்ளயையும் கூட்டிட்டு, கதவைச் சாத்திட்டு வாங்க.”

அவள் பையில் கத்தி எப்போதும் இருக்கும். முறித்து முறித்துப் புது முனை எடுக்கும் மெல்லிய கத்தி. அதை அவள் எடுத்ததும் பியோங்கு கையைப் பிடித்துக்கொண்டான்.

“என்ன பண்றே? இது இன்னும் நம்ம வீடு ஆகல. கம்பெனி சொத்து. கிழிச்சா நம்ம தலையிலதான் விடியும்.”

“நம்ம வீடு ஆனப்புறம் கிழிச்சா மட்டும் யார் தலையில விடியும்?”

அவன் கையை விட்டான். மூலையில், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு, ஹேசுக் ஒரு கதவு போல மூன்று பக்கம் கீறித் தாளைத் திறந்தாள். முதல் பனியன் காய்ந்திருந்தது. இரண்டாவது பனியன் மூலையில் கறுத்து, நனைந்த அப்பளம் மாதிரி கையோடு வந்தது. உள்ளே சிமென்ட் சுவர். மூலைக் கோட்டில் ஒரு மெல்லிய விரிசல், அதன் இரண்டு பக்கமும் கரும்பச்சைப் பூஞ்சை. நம்குங் ஈரமானியை வைத்தார். முள் கடைசி வரை போய் நின்றது. அவர் எழுபத்திரண்டு ஸ்டிக்கரையும் மறந்துவிட்டு, வெளிச்சுவர் வழியாக மழைத்தண்ணீர் வருகிறது என்று மட்டும் சொன்னார்.

ஹேசுக் அதைக் கேட்டாளா என்பது சந்தேகம். அவள் சுவரில் வேறு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாள் ஒட்டுகிறவர்கள் வெறும் சுவரில் பென்சிலால் எழுதுவார்கள். அளவு, துண்டு எண்ணிக்கை, தேதி. மேற்பார்வையாளரைப் பற்றி ஒரு வசவு. சில மணி நேரத்தில் எல்லாம் மூடப்படும், யாரும் படிக்கப்போவதில்லை. இந்தச் சுவரில் எழுதியிருந்தது இது:

*17-02 சின்ன அறை. நவம்பர் 21. தண்ணி வருது. ரெண்டு தடவை சொன்னேன். ஒட்டச் சொன்னாங்க.*

அதன் கீழே கையெழுத்துக்குப் பதிலாக ஒரு சின்ன நண்டு.

நண்டு வரைகிறவள் இந்த ஊரில் ஒருத்திதான். குக் மால்சுன், கிழக்குக் கடற்கரைக்காரி, ஹேசுக்கைவிட எட்டு வயது மூத்தவள். இருவரும் பதினொரு வருடம் ஒரே ஏணியில் வேலை செய்தவர்கள். தாளின் மேல் முனையை ஒருத்தி பிடித்தால் கீழ் முனையை மற்றவள் பிடிப்பாள். இரண்டு வருடத்துக்கு முன் மால்சுன் வேறு ஒப்பந்தக்காரரிடம் போனாள். நட்பு அப்படியே இருந்தது. மாதம் ஒருமுறை பன்றி முதுகெலும்புக் குழம்பு சாப்பிடப் போவார்கள்.

டிசம்பரில் அப்படிப் போனபோது ஹேசுக் வீட்டு எண்ணைச் சொல்லியிருந்தாள். மால்சுன் எந்த மாடி, எந்த வரிசை என்று இரண்டு முறை கேட்டாள். பிறகு கரண்டியைக் குழம்பில் விட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தாள். அடுத்த வாரம் அவளிடமிருந்து ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்தது. புது வீட்டுக்குப் பரிசு. இங்கே புது வீட்டுக்குக் கொடுப்பது கழிப்பறைக் காகிதச் சுருளும் சோப்புத் தூளும்தான். பெட்டியில் இருந்தது காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சும் இயந்திரம், விலை கூடிய ரகம். குன்றின் மேல் பதினேழாவது மாடிக்கு இது எதற்கு, இந்த அக்காவுக்கு வயதாகிவிட்டது என்று ஹேசுக் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

இப்போது அவள் அந்த நண்டைப் படம் எடுத்து மால்சுனுக்கு அனுப்பினாள். ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. நான்கு நிமிடத்தில் கைபேசி அடித்தது.

“பாத்துட்டியா” என்றாள் மால்சுன்.

மால்சுன் தானாகவே சொல்லிக்கொண்டு போனாள். எழுதும்போது யார் வீடு என்று தெரியாது. தெரிந்த பிறகு சொல்ல நாக்கு எழவில்லை. வேலை முடிந்த அன்று எல்லோரிடமும் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள், வெளியே பேசினால் குழு முழுவதையும் நிறுத்திவிடுவோம் என்றார்கள். குழுவில் ஒன்பது பெண்கள்.

“மிஷின் அனுப்பத் தெரிஞ்ச உனக்கு ஒரு வார்த்தை அனுப்பத் தெரியலையாக்கா?” என்றாள் ஹேசுக். “பதிமூணு வயசுப் புள்ள தூங்குற ரூமு. கட்டிலை எங்க போடலாம்னு பாத்துட்டிருந்தேன்.”

மால்சுன் குரல் வேறு மாதிரி வந்தது.

“சரி, நான் ஒண்ணு கேக்குறேன். ஆத்தோரக் கட்டடம், 9-04. அஞ்சு வருசத்துக்கு முன்னால, டிசம்பர். பனியன் போட்டது நீ. ஏணி பிடிச்சது நான். அந்த வீட்டுக்காரிக்கு நீ போன் பண்ணியாடி?”

ஹேசுக் கைபேசியைத் தரையில் வைத்தாள். அது அணையாமல் கொஞ்ச நேரம் எரிந்துகொண்டிருந்தது. பியோங்கு பிறகு சொன்னான், மனைவியின் முகம் அப்படி வெளுத்து அவன் பார்த்தது அவள் அப்பா இறந்த அன்று ஒருமுறைதான் என்று.

அன்று மதியமே குறைகேட்கும் அறையிலிருந்து ஒரு இளைஞன் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையோடு வந்தான். முதலில் பார்த்தது கிழிந்த தாளை. இது உங்களால் ஏற்பட்ட சேதம் என்று எழுதிக்கொண்டான். விரிசலைக் காட்டியபோது, சரி, புதுத் தாள் ஒட்டித் தருகிறோம் என்றான். எத்தனை அடுக்கு என்று ஹேசுக் கேட்டாள். அவனுக்குக் கேள்வி புரியவில்லை.

அவளுக்குத் தன் நிலைமை புரிந்தது. மே மாதம் வாடகை வீட்டின் ஒப்பந்தம் முடிகிறது. வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே சொல்லியாயிற்று, அடுத்த குடித்தனம் முன்பணம் கொடுத்துவிட்டது. இந்தச் சுவரைப் பற்றிச் சத்தம் போட்டால் நகராட்சி குடியேற அனுமதி தராமல் நிறுத்தலாம். நிறுத்தினால் அவர்கள் மூன்று பேரும் தெருவில். சத்தம் போடாவிட்டால் சோதம் அந்த மூலையில் தூங்குவாள். பியோங்கு ஒரு வழி சொன்னான். நாமே காதும் காதும் வைத்த மாதிரி உள்ளிருந்து சரிசெய்துகொள்வோம், நீதான் கைகாரி ஆயிற்றே. வெளியிலிருந்து வரும் தண்ணீரை உள்ளிருந்து எப்படி நிறுத்துவது, அதற்குப் பெயர்தான் பனியன் என்றாள் அவள்.

மாலையில் அவள் படங்களை வீடு வாங்கியவர்களின் கைபேசிக் குழுவில் போட்டாள். அறுநூறு பேர் இருந்த குழு. அதுவரை அங்கே திரைச்சீலை விலையும் பள்ளிப் பேருந்தும்தான் பேச்சு. ஹேசுக் எதிர்பார்த்தது பதற்றம். வந்தது கோபம், அதுவும் அவள் மேல்.

குழுத் தலைவர் முதலில் எழுதினார். “17-02 அம்மா, தயவுசெய்து படத்தை நீக்குங்க. இதுல நிருபர்கள் இருக்கலாம். செய்தியில வந்தா நம்ம கட்டடம் பேரு கெடும், வெல எறங்கும். உங்க ஒரு சுவருக்காக அறுநூறு குடும்பம் நஷ்டப்படணுமா?”

அதற்குக் கீழே வரிசையாக வணக்கம் போட்ட பொம்மைகள். நீக்குங்கள், நீக்குங்கள், தனியாக கம்பெனியோடு பேசிக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும், நீங்களே தாளைக் கிழித்துத் தண்ணீர் ஊற்றினீர்களா என்று கேட்டிருந்தார். கால் மணி நேரத்தில் படம் காணவில்லை. தலைவரால் யார் போட்டதையும் நீக்க முடியும். அப்படி ஒரு வசதி இருப்பதே ஹேசுக்குக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை முன்சோதனையின் கடைசி நாள். காலையில் ஹேசுக் வாசலில் நின்று பெயர் எழுதிக்கொண்டிருந்தபோது பின்னால் யாரோ வந்து நின்றார்கள். ஞாயிறு தேவாலயத்துக்குப் போடும் மேலங்கியில், கையில் ஒரு எண்ணெய்க் கறை படிந்த நோட்டுப் புத்தகத்தோடு, மால்சுன்.

வாசல் பெண் கேட்டாள். “இவங்க என்ன உறவு?”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

“அக்கா” என்றாள் ஹேசுக்.

“கூடப் பிறந்தவங்களா?”

“ஒரே ஏணியில” என்றாள் மால்சுன்.

அந்தப் பெண் எழுதிக்கொண்டு இரண்டு ஜோடி உறை கொடுத்தாள்.

நோட்டில் மால்சுன் எடுத்த அடித்தாள் கட்டுகளின் கணக்கு இருந்தது. கூடுதலாகக் கட்டு வாங்கினால் எந்த வீட்டுக்கென்று கிடங்கில் சொல்ல வேண்டும். சொன்னதை அவள் எழுதி வைத்திருந்தாள். 8-02, 9-02, 11-02, 12-02, 14-02, 15-02, 17-02, 18-02, 20-02. எல்லாம் ஒரே வரிசை, ஒரே வெளிச்சுவர், ஒரே சின்ன அறை. லிஃப்டில் போகும்போது ஹேசுக் கேட்டது ஒன்றுதான், மால்சுனின் வேலைக் குழுவில் மற்ற எட்டுப் பேருக்கு அவள் வந்தது தெரியுமா என்று. நேற்று இரவு எல்லோருக்கும் போன் பண்ணிவிட்டேன், மூன்று பேர் திட்டினார்கள், இரண்டு பேர் அழுதார்கள், மற்றவர்கள் எடுக்கவில்லை என்றாள் மால்சுன்.

மேலிருந்து கீழே இறங்கினார்கள். முன்சோதனை நாளில் எல்லாக் கதவும் திறந்திருக்கும். உள்ளே ஸ்டிக்கரும் கையுமாகக் குடும்பங்கள், ஓரத்தில் கறுப்புப் பெட்டியோடு ஒரு மாப்பிள்ளை. 20-02-இல் யாரும் வரவில்லை. 18-02-இல் ஒருவர், எந்தப் போட்டிக் கம்பெனி உங்களை அனுப்பியது என்று கேட்டுக் கதவைச் சாத்தினார். 15-02-இல் வயதான தம்பதி இவர்களை உட்காரவைத்துக் கிம்பாப் சோற்றுச் சுருள் கொடுத்துவிட்டு, எல்லாவற்றையும் கேட்டு, மகன் வந்தால் சொல்கிறோம் என்றார்கள். 14-02-இல் இருந்த கர்ப்பிணிப் பெண் பிளக் பாயிண்டைக் காட்டி, கழற்றுங்கள் என்றாள். இரண்டு பனியன். அவள் கணவன் அங்கேயே நகராட்சிக்குப் போன் போட்டான். ஞாயிற்றுக்கிழமை, யாரும் எடுக்கவில்லை.

11-02-இல் கதவருகே நின்றவரை ஹேசுக்குக்குக் குழுவில் போட்டிருந்த படத்திலிருந்து அடையாளம் தெரிந்தது. குழுத் தலைவர். ஐம்பது வயது, நல்ல சட்டை. அவளைக் கண்டதும் முகம் இறுகியது. வாங்க என்று சொல்லவில்லை.

“அம்மா, நான் எழுதினதுல உங்களுக்கு வருத்தம் இருக்கும். ஆனா இது என் ஒருத்தன் விஷயமில்ல.”

“இல்லைங்க” என்றாள் மால்சுன். “உங்க விஷயமும்தான். உங்க வீட்டுக்கும் நான்தான் போட்டேன். நவம்பர் 16. கட்டு நாலு.”

அவர் நோட்டைப் பார்த்தார். பிறகு தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தார். சின்ன அறையில் அவர் மனைவி அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு யாருடனோ கைபேசியில் தொட்டில் அகலம் கேட்டுக்கொண்டிருந்தாள். மகளுக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதம், மகளும் பேரனும் இவர்களோடுதான் இருக்கப் போகிறார்கள் என்று பிறகு தெரிந்தது.

அவர் கத்தவில்லை, மறுக்கவும் இல்லை. குரலைத் தாழ்த்தி, “எந்த மூலை?” என்று கேட்டார்.

மால்சுன் காட்டினாள். ஹேசுக் கத்தியை நீட்டினாள். அவருக்கு அதைப் பிடிக்கத் தெரியவில்லை, முனை இரண்டு முறை முறிந்தது. மூன்றாவது தடவை தாள் திறந்தது. கறுப்பைக் கண்டதும் அவர் மனைவி கைபேசியில் இருந்தவரிடம் அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொல்ல மறந்து, அப்படியே நின்றாள். மறுமுனையில் மகள் அம்மா, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. அந்தச் சுவரிலும் நண்டு இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்துக் குழுவில் ஹேசுக்கின் படங்களைத் தலைவரே மறுபடி போட்டார், தன் வீட்டுப் படங்களோடு. அப்போதும் முப்பது பேர் நீக்குங்கள் என்றுதான் எழுதினார்கள்.

பிறகு நடந்தது எல்லோரும் எதிர்பார்க்கும் விதத்தில்தான் நடந்தது. நகராட்சி ஆட்கள் வந்தார்கள், அனுமதி நின்றது, செய்தியும் வந்தது. வெளிச்சுவரில் கயிற்றில் ஆட்கள் தொங்கி விரிசலைக் குடைந்து அடைத்தார்கள். ஒன்பது வீட்டிலும் தாளை உரித்துச் சுவரை இரண்டு மாதம் காயவிட்டார்கள். மே மாதம் குடியேற வேண்டியவர்கள் ஆகஸ்டில் குடியேறினார்கள். அந்த மூன்று மாதம் ஹேசுக்கும் பியோங்குவும் ஒரு ஒற்றை அறையில், சோதம் அத்தை வீட்டில். மால்சுனின் குழுவை நிறுத்திவிட்டார்கள். மற்ற எட்டுப் பேரில் நான்கு பேர் இன்னும் அவளோடு பேசுவதில்லை. லிஃப்டில் ஹேசுக்கைக் கண்டால் சிலர் தரையைப் பார்க்கிறார்கள், சிலர் அளவுக்கு மீறிக் குனிந்து வணங்குகிறார்கள்.

சின்ன அறைக்கு அவளே தாள் ஒட்டினாள். சுவர் காய்ந்ததென்று கம்பெனி சொன்ன பிறகும் பதினைந்து நாள் காத்திருந்து, மழைக்குப் பிறகு ஈரமானியை வைத்துப் பார்த்து, ஒரே ஒரு அடித்தாள் போட்டாள். மால்சுன் கொடுத்த இயந்திரம் அந்த அறையில்தான் ஓடுகிறது. காலையில் எழுந்ததும் ஹேசுக் முதலில் அதன் தொட்டியை இழுத்துப் பார்ப்பாள். பயப்படும்படி ஒரு நாளும் நிறையவில்லை. ஆனாலும் பார்க்காமல் பல் தேய்க்கப் போக முடிவதில்லை.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை அவள் ஆற்றோரக் கட்டடத்துக்குப் போனாள். பியோங்கு காரிலேயே இருந்தான். மால்சுன் வருகிறேன் என்றாள், ஹேசுக் வேண்டாம் என்றுவிட்டாள். கீழே நின்று 9-04-இன் எண்ணை அழுத்தினாள். யார் என்று கேட்டது ஒரு பெண் குரல்.

“உங்க வீட்டுக்குத் தாள் ஒட்டினவ நான். அஞ்சு வருசத்துக்கு முன்னால. ஒரு அஞ்சு நிமிசம் பேசணும்.”

கீழ்க்கதவு திறந்தது, ஹேசுக் லிஃப்டில் ஒன்பதாவது மாடிக்குப் போனாள். வீட்டுக் கதவைத் திறந்தது ஒரு முப்பத்தைந்து வயதுப் பெண். வீட்டுக்குள்ளேயே தடித்த மேலங்கி போட்டிருந்தாள். அக்டோபர்தான், ஆனால் வீடு வெளியைவிடக் குளிராக இருந்தது. எல்லாச் சன்னலும் திறந்து கிடந்தன. சின்ன அறையில் ஒரு சிறுவன் தொப்பி போட்டுக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தான். நடுவில் நிறுத்தி இருமினான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பழகிய இருமல்.

மூலையில் தாள் கறுத்து வயிறு தள்ளியிருந்தது. ஹேசுக் வாயைத் திறப்பதற்கு முன் அந்தப் பெண் முந்திக்கொண்டாள்.

“மன்னிச்சுக்கங்க, நீங்க நல்லா ஒட்டினதை நாங்க கெடுத்துட்டோம். மூணு தடவை கம்பெனியில வந்து பாத்தாங்க. நீங்க காத்து விட மாட்டேங்குறீங்க, துணிய உள்ள காயப்போடுறீங்க, அதான்னாங்க. அப்போலேருந்து குளிர்காலத்துலயும் சன்னலைச் சாத்துறதே இல்ல. இன்னும் போகல. என்ன தப்பு பண்றோம் நாங்கன்னு தெரியல.”

ஹேசுக்கின் பையில் திருப்புளி இருந்தது. அவள் அந்தப் பெண்ணைப் பார்க்காமல் மண்டியிட்டு, பிளக் பாயிண்டின் மூடியைக் கழற்றினாள். இரண்டு விளிம்பு. தன் கைவேலை, சுத்தமாக வெட்டியிருந்தது.

எழுந்து, பையனைத் தாண்டிப் போய், அவளே சன்னலைச் சாத்தினாள்.

“நீங்க ஒண்ணும் பண்ணல” என்றாள். “மத்த சன்னலையும் சாத்துங்க. சொல்றேன்.”